முள் அசையாவிட்டால் மீட்டர் செத்துவிட்டதா?

1980களில் அமெரிக்காவில் கட்டிய சிறிய ஃபைபர் கிளாஸ் மோட்டார் படகைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள், அதன் டேஷ்போர்டைப் பார்த்ததும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். வெளிறிய பலகை, மங்கிய கண்ணாடி, அசையாத முட்கள். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கத் தோன்றும். கையில் பணம் குறைவாக இருந்தால் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முதலில் பலகையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

செம்புக் குடத்தில் களிம்பு ஏறுவது நாம் அறிந்ததே. படகில் அதே களிம்பு கம்பி முனைகளில் ஏறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்தச் சாரல், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, கம்பியின் உறைக்குள் ஊர்ந்து செல்கிறது. களிம்பு மின்சாரத்தை எளிதில் விடாது. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஒரு சாதனத்தின் வழியில் 1 ஓம் தடை முளைத்தாலே போதும், ஏறக்குறைய 3.5 வோல்ட் அந்த முனையிலேயே வீணாகிவிடும்.

குடத்துக்குப் புளி என்றால் இதற்கு வினிகர். இரண்டிலும் வேலை செய்வது அமிலம்தான். முனையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் அலசி, நன்கு உலர்த்த வேண்டும். உள்ளிழைகள் கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை கம்பியை வெட்டிவிடுவதே மேல்.

அடுத்து எரிபொருள் மீட்டர். அதன் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டியில் மிதவை ஏறி இறங்க, ஒரு மின்தடை மாறுகிறது. அமெரிக்க முறையில் காலியாக இருந்தால் 240 ஓம், நிறைந்திருந்தால் 33 ஓம். மீட்டருக்குள் குறுக்காக வைத்த கம்பிச்சுருள்களின் காந்தப்புலங்கள் சேர்ந்து எந்தத் திசையைக் காட்டுகின்றனவோ, அந்தத் திசைக்கு முள்ளோடு இணைந்த சிறு காந்தம் திரும்புகிறது. சோதிப்பதற்குச் செலவே இல்லை. தொட்டியிலிருந்து வரும் கம்பியை மீட்டரிலிருந்து கழற்றுங்கள். மீட்டரில் அந்தக் கம்பி இருந்த முனையை ஒரு துண்டுக் கம்பியால் எர்த்தோடு இணைத்து, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். முள் நிறைந்த பக்கம் ஓடினால் மீட்டர் உயிரோடு இருக்கிறது; குற்றம் மிதவையிலோ இடையில் உள்ள கம்பியிலோதான். இதைத் தொட்டியருகே செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டர் தாறுமாறாகக் காட்டுகிறதா? பல மீட்டர்களின் முதுகில், எஞ்சினின் மின்னாக்கியில் எத்தனை காந்த முனைகள் என்று குறிக்கும் சிறு தேர்வுச் சுவிட்ச் இருக்கும். 12 முனை என்றால் ஒரு சுற்றுக்கு 6 மின்துடிப்பு; மீட்டர் எண்ணுவது அதைத்தான். அந்தச் சுவிட்சில் படலம் படிந்தாலும் கணக்குப் பிசகும். மின்சாரம் இல்லாதபோது பலமுறை இருபுறமும் திருப்பிவிட்டு, பழைய எண்ணிலேயே நிறுத்துங்கள்.

பழைய வேகமீட்டர்கள் பலவற்றுக்கு மின்சாரமே வேண்டாம். எஞ்சினின் அடிப்பகுதியில் முன்னோக்கிய ஒரு சிறு துளையில் நீர் மோதும் அழுத்தத்தைக் குழாய் வழியாக அளக்கின்றன. ஹென்றி பிட்டோ 1732இல் ஆற்று வேகத்தை அளக்கக் கண்ட வழி இது. மணிக்கு 50 கிலோமீட்டரில் அந்த அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம். 25 கிலோமீட்டரில் அதில் கால் பங்குதான். துளையில் மண் அடைத்தால் முள் எழாது. மீட்டரிலிருந்து குழாயைக் கழற்றிய பிறகே காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் நல்ல மீட்டரும் உடையும்.

வெளிறிய பலகைக்கு நீர் உப்புத்தாளும் பாலிஷும் பொறுமையும் போதும். மிச்சமாகும் பணத்தை வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிக்கும், பேட்டரிக்கு அருகில் வைக்கும் ஃப்யூசுக்கும் செலவிடுங்கள்.

முன்பு மீட்டருக்கு மீட்டர் தாவிப்போன எர்த் கம்பிகளை ஒரே பித்தளைப் பட்டையில் சேர்த்துவிடுங்கள். விளக்கைப் போட்டதும் முட்கள் துள்ளினால், எர்த் இன்னும் சரியில்லை. துள்ளாமல் நின்றால் பலகையைத் திருகி மூடலாம்.