மூளைப் படத்தில் எந்த நிறத்தை நம்புவது?

“காதலர் படத்தைப் பார்த்ததும் மூளையின் இந்தப் பகுதி ஒளிர்ந்தது” என்று செய்திகளில் வருகிறதே, அந்தச் சிவப்புத் திட்டுகள் நிஜமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மூளை ஒளிர்வதில்லை. அந்த இடம் ஒரு புள்ளியியல் தேர்வில் பாஸாகியிருக்கிறது, அவ்வளவுதான். தேர்வை எவ்வளவு கறாராக வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தப் படங்களை எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற ஸ்கேன் கருவி, ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாற்றத்தை வைத்து மூளையின் செயல்பாட்டைக் கணிக்கிறது. மூளையை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனசதுரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு வோக்ஸெல். 20 பேரைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் மூளைகளை ஒரே வடிவத்துக்குப் பொருத்தி, காதலர் படம் பார்த்தபோது வந்த அளவிலிருந்து அந்நியர் படம் பார்த்தபோது வந்ததைக் கழித்து, ஆளுக்கொரு வேறுபாட்டு வரைபடம் தயாரிப்பார்கள். பிறகு 20 பேரையும் சேர்த்து ஒவ்வொரு வோக்ஸெலுக்கும் ஒரு டி-மதிப்பு போடுவார்கள்; ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண் அது.

ஒரே ஒரு சோதனை என்றால், 5 சதவீதப் பிழையை, அதாவது வேறுபாடே இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பை, பொறுத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் வோக்ஸெல்களில் தனித்தனியாகச் சோதித்தால்? ஒன்றுமே நடக்காத மூளையிலும் சுமார் 5,000 இடங்கள் சிவக்கும். 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். பிழை வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற கறாரான எல்லையை வைத்தும், 8,064 வோக்ஸெல்களில் 16 ‘செயல்பட்டன’. பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் செய்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

எளிய திருத்தம் இத்தாலியக் கணிதவியலர் பான்ஃபெரோனியின் பெயரில் வழங்குவது: 0.05ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடு. ஆனால் பக்கத்துப் பக்கத்து வோக்ஸெல்கள் சேர்ந்தே ஏறி இறங்குபவை. லட்சமும் தனித்தனிச் சோதனைகள் அல்ல. அதனால் அந்த எல்லை தேவைக்கு மேல் கடுமையாகி, உண்மையான மாற்றங்களும் அடிபட்டுப் போகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வழி, கூட்டல் கழித்தல் குறிகளைப் புரட்டிப் பார்ப்பது. புள்ளியியலாளர்கள் தாமஸ் நிக்கோல்ஸும் ஆண்ட்ரூ ஹோம்ஸும் 2002இல் இதை அழகாக விளக்கி எழுதினார்கள். காதலர் படத்துக்கும் அந்நியர் படத்துக்கும் மூளையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எதிலிருந்து எதைக் கழித்தாலும் ஒன்றுதான். சரி, ஆளுக்கு ஒருமுறை நாணயத்தைச் சுண்டுவோம். தலை விழுந்தால் அவருடைய வேறுபாட்டு வரைபடம் அப்படியே இருக்கட்டும். பூ விழுந்தால் முழு வரைபடத்திலும் கூட்டலைக் கழித்தலாக, கழித்தலைக் கூட்டலாக மாற்றுவோம். இப்போது 20 பேருக்கும் சேர்த்து டி-மதிப்புகளைக் கணக்கிட்டால் கிடைப்பது, தற்செயல் வரைந்த வரைபடம். அதிலிருந்து ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: மூளை முழுவதிலும் மிக உயர்ந்த டி-மதிப்பு. அப்புறம் மறுபடி சுண்டல், மறுபடி ஓர் உச்சம். 20 பேருக்கு 10,48,576 விதமாகக் குறி போடலாம். 5,000 முறை போதும். அந்த 5,000 உச்சங்களையும் இறங்குவரிசையில் அடுக்கினால், 250ஆவது இடத்தில் நிற்பதுதான் நம் எல்லைக்கோடு.

லட்சம் இடங்களில் தேடித் தற்செயல் கண்டுபிடித்த உச்சமே நூற்றில் ஐந்து முறைதான் அந்தக் கோட்டை எட்டுகிறது. ஆகவே மூளை முழுவதிலும் ஒரு பொய்த் திட்டாவது தோன்றும் வாய்ப்பு வெறும் 5 சதவீதம். ஒருவருடைய வரைபடம் முழுவதையும் ஒன்றாகவே புரட்டுவதால், பக்கத்து வோக்ஸெல்களுக்கு இடையிலான உறவும் குலையாமல் கணக்கில் வந்துவிடுகிறது. அந்த உறவு எப்படிப்பட்டது என்று யாரும் ஊகிக்கத் தேவையில்லை!

ஊகித்தால் என்ன ஆகும் என்பது 2016இல் தெரிந்தது. ஆண்டர்ஸ் எக்லண்ட், நிக்கோல்ஸ், ஹான்ஸ் நுட்சன் மூவரும், சும்மா படுத்திருந்த 499 பேரின் பொதுத் தரவை எடுத்து, இல்லாத சோதனைகளை நடந்ததாகப் பாவித்துப் பரிசோதித்தார்கள். திட்டுகளின் பரப்பை வைத்து முடிவெடுக்கும் வழக்கமான முறைகளில், 5 சதவீதம் இருக்க வேண்டிய பிழை சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. அருகாமை உறவு தூரத்தோடு எப்படிக் குறையும் என்று மென்பொருள்கள் வைத்திருந்த கணக்கு உண்மையோடு ஒத்துப்போகவில்லை. புரட்டும் முறை பெரும்பாலும் தாக்குப்பிடித்தது.

அந்த ஆய்வுக்குப் புதிதாக ஒருவரைக்கூட ஸ்கேன் செய்யவில்லை; மற்றவர்கள் பகிர்ந்த தரவே போதுமாக இருந்தது. புதிய ஸ்கேனர்களுக்குக் கொட்டும் நிதியில் ஒரு பங்காவது இப்படிப்பட்ட சரிபார்ப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வும், பெயர் நீக்கிய தனிநபர் வரைபடங்களை வெளியிட வேண்டும். அவை கையில் இருந்தால், நாணயம் சுண்டும் இந்தச் சோதனையை ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே செய்து பார்த்துவிடலாம்.