டைம் அவுட்: காலாவதியா, கெடுவா?

பல கணினிகளில் பரவிய தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் சொல் டைம் அவுட்: கேட்டதற்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது. இதைக் 'காலாவதி' என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஒப்பவில்லை.

காலமும் அவதியும் சேர்ந்தது காலாவதி. இந்த அவதி துன்பம் இல்லை, எல்லை என்ற பொருளுள்ள வடசொல். மருந்து காலாவதியாகிறது, உரிமம் காலாவதியாகிறது. அதன் ஆயுள் முடிந்தது, இனிச் செல்லாது. டைம் அவுட் சொல்வதோ காத்திருந்தவரைப் பற்றி மட்டுமே.

காசாண்ட்ரா அப்படிப் பரவிய தரவுத்தளங்களில் ஒன்று. அதன் பிழைச்செய்தி ஒன்றைத் தமிழில் சொல்கிறேன்: 'குவோரம் வாசிப்பு. தேவை 2 பதில், வந்தது 1.' குவோரம் என்றால், தரவின் நகல்களில் பெரும்பான்மை பதில் தர வேண்டும். பதில் தராத நோடு (தரவுத்தளத்தின் ஒரு கணினி) செத்துவிட்டதா, நினைவகத்தில் சேர்ந்த வேண்டாத தரவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு நின்றுபோனதா, அழித்த வரிசைகளின் இடத்தில் விட்டுவைத்த 'கல்லறை'க் குறிகளைத் தாண்டித் தேடுகிறதா, வலைப்பின்னல் மந்தமா? செய்தியில் விடை இல்லை. கேட்டவர் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான் தெரியும்.

தரவை எழுதும்போது இந்த வேறுபாடு விபரீதமாகிவிடும். கெடு தாண்டிய பிறகும் அனுப்பிய தரவு ஏதோ ஒரு நோடில் பதிந்திருக்கலாம். 'காலாவதி' என்று படித்தவர் அது செல்லவில்லை என்று நம்பி மறுபடி அனுப்புவார். ஒன்று கூட வேண்டிய எண்ணி (கவுண்டர்) இரண்டு கூடிவிடும்.

சரி, வேறு சொல்? மேலே என்னையறியாமல் வந்துவிட்டதே, கெடு. கடனுக்குக் கெடு வைக்கிறோம், பதில் சொல்லக் கெடு விதிக்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் 'கடுவு' உண்டு. கெட்டுப்போவதைச் சொல்லும் வினையோடு இதைக் குழப்ப வேண்டாம். கெடு வைப்பவர் எப்போதும் காத்திருப்பவர்தான் என்பதே இதன் அழகு. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அமைப்புக்கும் (செட்டிங்), அந்த நேரம் கடந்துபோன நிகழ்வுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். நாம் அமைப்பைக் 'காத்திருப்புக் கெடு' என்றும், நடந்ததைக் 'கெடு தாண்டியது' என்றும் பிரித்துச் சொல்லலாம்.

அப்புறம், கெடு என்றவுடனேயே 'யார் வைத்தது?' என்று கேட்கத் தோன்றும். பழுது தேடும்போது முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். காசாண்ட்ரா நோடு வாசிப்புக்குத் தரும் இயல்புக் கெடு 5 வினாடி. நம் நிரலுக்காகத் தரவுத்தளத்திடம் கேட்டுப் பதில் வாங்கித் தரும் ஜாவா டிரைவரின் 4ஆம் பதிப்பு வைக்கும் இயல்புக் கெடுவோ 2 வினாடி. மூன்றாவது வினாடியில் வந்த பதிலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. நோடின் லாகை (நிகழ்வுப் பதிவேட்டை) புரட்டினால் அங்கே கெடு தாண்டியதாக ஒரு வரிகூட இருக்காது.