ஓர் இளநீர் குடித்த பிறகு

வெயிலில் அலைந்து வந்து ஓர் இளநீர் குடிக்கிறோம். 300 மில்லி இருந்தால், அதோடு ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளே போகிறது. ரத்தத்திலும் செல்களுக்கு வெளியேயுள்ள நீரிலும் இருக்கும் பொட்டாசியம் மொத்தமே சுமார் இரண்டரை கிராம்தான். அதில் கால் பங்கு அளவை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். அங்கே பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

முதலில் கைகொடுப்பது இன்சுலின். வந்த பொட்டாசியத்தைத் தசை, கல்லீரல் செல்களுக்குள் தள்ளி வைக்கிறது. அது தற்காலிக இருப்பு. கணக்கை முடிப்பது சிறுநீரகம்.

சிறுநீரகத்தை வடிகட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் அதன் வேலையில் பாதியைக்கூடச் சொல்வதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் ரத்தத்திலிருந்து வடிந்து நுண்குழாய்களில் இறங்குகிறது. அதிலுள்ள பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் குழாயின் முற்பகுதிகளே ரத்தத்துக்குத் திருப்பிவிடுகின்றன. அன்றைய சாப்பாட்டுக்கு ஏற்ப அளவைத் திருத்துவது கடைசிப் பகுதி. ரத்தத்தில் பொட்டாசியம் சிறிது கூடினாலும் சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் ஏவலில் குழாய்ச் சுவரின் செல்கள் சோடியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீருக்குள் விடுகின்றன. சில மணி நேரத்தில் இளநீரின் உபரி வெளியேறிவிடும்.

சோடியம் விஷயத்தில் இந்த வேகம் கிடையாது. ஊறுகாயும் கருவாடுமாகச் சாப்பிட்டால், கூடுதல் உப்புக்கு ஈடுகொடுத்துச் சமநிலைக்கு வர ஓரிரு நாட்களாவது ஆகும். அதுவரை உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பே சேர்க்காவிட்டாலோ, சோடியத்தைச் சிறுநீரில் அநேகமாக விடாமல் காக்கிறது சிறுநீரகம். பொட்டாசியத்தை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க அதற்குத் தெரியாது. பட்டினி கிடந்தாலும் தினமும் கொஞ்சம் கசியும். காயும் கனியும் கிழங்கும் நிறையத் தின்று, உப்பை அரிதாகக் கண்ட மூதாதையரின் உடம்புதான் இன்னும் நம்முடையது.

சிறுநீரகம் தளர்ந்தவர் இருக்கும் வீட்டில் இந்த வேலையில் ஒரு பகுதி அடுப்படிக்கு வந்துவிடுகிறது. உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த நீரை வடித்துக் கொட்டுகிறார்கள். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அந்த நீரோடு போய்விடும். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்த குழம்பில் ‘சோடியம் குறைந்த உப்பு’ போட்டால் அத்தனை பாடும் வீண். அந்தப் பொட்டலத்தில் சோடியத்தின் இடத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு.