தொப்பியில் லோகோ: ஊசி செய்யும் கண்ணி வித்தை

கல்லூரி கிரிக்கெட் அணிக்குத் தொப்பி செய்யக் கொடுக்கப் போகிறோம், லோகோவை எம்பிராய்டரி செய்யலாமா, பிரிண்ட் போதுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லோகோவில் ஒரு சின்னம், அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் கல்லூரிப் பெயர்.

பிரிண்டை முதலில் முடித்துவிடுவோம். சப்ளிமேஷன் என்ற அச்சு முறையில் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சாயம் உருகாமலே ஆவியாகி, பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துவிடும். அதனால் துவைத்தால் உரியாது. ஆனால் பருத்தியில் நிற்காது; கருநீலத் தொப்பியில் தெரியவும் தெரியாது. டிடிஎஃப் என்ற இன்னொரு அச்சு முறை, படலத்தில் அச்சடித்து, பசைத்தூளை உருக்கி ஒட்டுவது. எந்தத் துணியிலும் பிடிக்கும், நுணுக்கமாகவும் வரும். ஆனால் துணிக்கு மேலே உட்காரும் படலம்தானே, மடங்கி மடங்கி நாளடைவில் வெடிப்பு விடலாம்.

சரி, எம்பிராய்டரி. மேல் நூல் ஊசியில், கீழ் நூல், துணிக்கு அடியில் இருக்கும் பாபின் என்ற சிறு நூல் உருளையில். இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொள்ள வேண்டும். கையால் தைத்தால் ஊசியை முழுதாக மறுபக்கம் இழுத்துவிடலாம். மெஷின் ஊசியோ மேலேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மேல் நூல்தான் ஒரு கண்ணியாக விரிந்து, பாபினை முழுசாகச் சுற்றி வர வேண்டும். அந்தக் கண்ணி எங்கிருந்து வருகிறது?

மெஷின் ஊசி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும். மறுபக்கம் காதுக்குச் சற்று மேலே ஒரு சிறு குடைவு மட்டும். ஊசி துணிக்குள் இறங்கும்போது ஒரு பக்க நூல் பள்ளத்தில் பதுங்கிக்கொள்கிறது, துணி அதை உரசுவதில்லை. மறுபக்க நூலுக்குப் பதுங்க இடமில்லை. ஊசிக்கும் துணிக்கும் நடுவே நெருக்குப்படுகிறது. அடிவரை போன ஊசி 2 மில்லிமீட்டர் போல மேலே ஏறும்போது, இந்த நூலைத் துணி உராய்வால் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. ஊசி ஏறுகிறது, நூல் ஏற முடியவில்லை. வேறு வழியின்றி வெளிப்பக்கம் புடைத்துக் கண்ணியாகிறது. அதே கணத்தில் சுழலும் கொக்கியின் முனை அந்தக் குடைவை உரசினாற்போல வந்து, கண்ணியைக் கவ்வி, விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேலே உள்ள நெம்புகோல் நூலைச் சுண்டி இழுக்க, தையல் இறுகுகிறது. அமெரிக்காவில் ஆலன் வில்சன் இந்தச் சுழல் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். நிமிடத்துக்கு 600 தையல் ஓடினால், இவ்வளவும் நொடிக்கு 10 முறை நடக்கிறது!

உராய்வு என்றாலே நம் வகுப்பறைகளில் சாய்தளமும் மரக்கட்டையும்தான். தமிழக அரசு இலவசமாகத் தருகிற தையல் மெஷினில் ஒன்றை இயற்பியல் ஆய்வகத்துக்கும் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

ஆக, துணி அசையாமல் நூலைப் பிடித்தால்தான் கண்ணி. டீஷர்ட்டைச் சட்டத்தில் விறைப்பாக மாட்டிவிடலாம். தொப்பி வளைந்தது, ஊசியோடு துணியும் சேர்ந்து மேலே எழும்பினால் கண்ணி புடைக்காது, கொக்கி வெறுமனே சுற்றும், தையல் தவறும், நூல் அறும். அதனால்தான் முன்பக்கத்துக்கு உள்ளே பக்ரம் என்ற விறைப்பான துணியை வைக்கிறார்கள். லோகோவையும் கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து ஓரமாகத் தைக்கும்படி பஞ்சிங் செய்கிறார்கள், அதாவது மெஷினுக்கான தையல் வரிசையைக் கணினியில் அமைக்கிறார்கள். தளர்ந்த துணி வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். நூல் அடிக்கடி அறுந்தால் மெஷினுக்குத் திருஷ்டி கழித்து எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களும் உண்டு. பழத்தின் காசில் புது ஊசி ஒன்று மாற்றிப் பார்க்கலாம்.

ஆறு பேனல், அதாவது ஆறு துணித் துண்டுகளை மூட்டித் தைத்த தொப்பியில் இன்னொரு தொல்லை: முன்பக்க நடுவிலேயே தடித்த மூட்டுத் தையல் ஓடும். அதில் பட்டு ஊசி மயிரிழை விலகினாலும் கொக்கியின் கணக்குத் தப்பும். ஐந்து பேனலில் முன்பக்கம் ஒரே துண்டு, இந்த வம்பே இல்லை. எழுத்து புடைத்து நிற்க உள்ளே ஃபோம் வைத்துத் தைப்பதும் உண்டு. ஊசி குத்திக் குத்தியே ஃபோமை ஓரத்தில் கத்தரித்துவிடும். தடித்த எழுத்துக்கு மட்டுமே அது சரிப்படும்.

அப்புறம், சுற்றி ஓடும் அந்தப் பொடி எழுத்து. வழக்கமான 75-ஆம் நம்பர் ஊசியின் தடிமன் 0.75 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் உயர ‘ஞ’ அல்லது ‘ண’வின் சுழிக்குள் நூல் நிரம்பி, எழுத்து உருண்டையாகிவிடும். சின்னத்தை மட்டும் பக்ரம் வைத்த ஐந்து பேனல் தொப்பியில் தைக்கக் கொடுங்கள். பெயரும் வேண்டுமென்றால், லோகோ முழுவதையும் வெள்ளை பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் செய்து, பேட்ச்சாக ஓரம் தைத்து ஒட்டச் சொல்லுங்கள்.