ஐசியைக் கேட்டவுடன் நீட்டிவிடாதீர்கள்: நம் தகவலுக்குச் சட்டம் தரும் காவலும் அதன் ஓட்டைகளும்

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் ஓர் அழகு நிலையத்தின் வாசலில் ‘முதல் தடவை இலவசம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து எங்கள் புளோக் அக்கா ஒருவர் உள்ளே போனார். முகப்பில் இருந்த பெண் அவருடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கேட்டு வாங்கி, மேசைமேல் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தம் சொந்தக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, கடன் தருவதாக அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் செய்திகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் அவர் பெயர் தகப்பனார் பெயரோடு முழுமையாக இருந்தது. “என்னை யாருமே அப்பா பேரோட கூப்பிடறதில்ல தம்பி, அது ஐசியில மட்டும்தான் இருக்கு” என்று அவர் சொன்ன பிறகுதான் தகவல் எங்கிருந்து போயிருக்கும் என்பது எங்களுக்குப் புலப்பட்டது.

கடைக்குப் போனோம், மேலாளர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடியும் போனோம், தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிப் பன்னிரண்டு நாள் காத்திருந்த பிறகு ஒரு படிவம் வந்தது. தகவலைப் பயன்படுத்தக்கூடாது என்று கோருவதானால் படிவத்தை நிரப்பி, அதனுடன் ஐசியின் இரு பக்க நகலையும் இணைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அக்கா நகல் எடுக்கக் கிளம்பியே விட்டார். இப்படிப்பட்டவர்கள் பலரைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நம் தகவலைக் காக்கும் சட்டத்தின் பெயர் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2012ல் நிறைவேறிய அதன் முக்கியப் பிரிவுகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. அதை நிர்வகிப்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம். வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்றாடம் நமக்கு உதவுவது, 2019 செப்டம்பர் 1 முதல் ஆணையம் நடைமுறைப்படுத்திவரும் ஐசி பற்றிய நெறிமுறை. சட்டம் கட்டாயப்படுத்தினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டிய தேவை இருந்தாலோ தவிர, எந்தத் தனியார் நிறுவனமும் உங்கள் முழு ஐசி எண்ணையோ அட்டையின் நகலையோ வாங்கக்கூடாது. பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கும், வெளிநாட்டவரின் அடையாள எண்ணான ஃபின் எண்ணுக்கும், வொர்க் பெர்மிட் (வேலை அனுமதி) எண்ணுக்கும் இதே விதிதான். மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கும்போதும், ஹோட்டலில் அறை எடுக்கும்போதும், கைப்பேசி இணைப்பு வாங்கும்போதும், வேலையில் சேரும்போதும் கேட்பார்கள். அங்கே கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும், கடை உறுப்பினர் அட்டைக்கும், இலவச வாகன நிறுத்தச் சலுகைக்கும், சைக்கிள் வாடகைக்கும் கேட்க இடமில்லை. கொடுக்காவிட்டால் சேவையே கிடையாது என்று கடைக்காரர் சொன்னால், சேவைக்கு நியாயமாகத் தேவைப்படுவதற்கு மேல் தகவல் கேட்டு அதையே நிபந்தனையாக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை நினைவுபடுத்துங்கள். பெரும்பாலும் “கைப்பேசி எண் போதும்” என்று இறங்கிவருவார்கள்.

கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் காவலர் ஐசியைக் கேட்பது வேறு விஷயம். அட்டையைப் பார்த்து, வந்திருப்பவர் நீங்கள்தானா என்று அவர் சரிபார்க்கலாம். முழு எண்ணையும் நோட்டில் எழுதக்கூடாது. நீங்கள் திரும்பிவரும்வரை அட்டையைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளவும் கூடாது. நீங்கள் கையெழுத்திடும் அதே பக்கத்தில் உங்களுக்கு முன் வந்த பத்துப் பேரின் விவரமும் தெரிகிறது என்றால், உங்களுடையது அடுத்து வருகிறவருக்குத் தெரியும் என்றுதான் பொருள்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வொர்க் பெர்மிட் அட்டையை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கடப்பிதழைப் பிடித்து வைப்பது கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். ‘பத்திரமா இருக்கும்’ என்று சொல்லி வாங்கினாலும் குற்றம் குற்றமே. மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கும் ஒரு தம்பி, ஞாயிற்றுக்கிழமை கைப்பேசிக் கடையில் ப்ரீபெய்டு சிம் வாங்கியபோது, “சரியா விழல” என்று சொல்லிக் கடைக்காரர் அவருடைய அட்டையை இரண்டாம் முறையும் ஸ்கேன் செய்தார். சில மாதம் கழித்து வேறொரு கடையில் புது எண் கேட்டபோதுதான், ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று ப்ரீபெய்டு எண்களும் தம் பெயரில் ஏற்கெனவே இருப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் கையில் இருந்ததோ ஒன்றுதான். 2025 ஜனவரி 1 முதல், சிம் அட்டையைத் தவறான செயலுக்கு விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம் என்பதால், உங்கள் பெயரில் இருக்கும் எண் எதற்குப் பயன்பட்டது என்று போலிஸ் முதலில் உங்களைத்தான் கேட்கும். இரண்டாம் ஸ்கேன் நடந்தால் அங்கேயே காரணம் கேளுங்கள், ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் தொலைபேசி நிறுவனத்திடம் போய் உங்கள் பெயரில் எத்தனை எண் இருக்கிறது என்று கேளுங்கள். அரசாங்க இணையச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் கடவுச்சொல்லை மற்றவருக்குக் கொடுப்பதிலும் இதே அளவு தண்டனை இருக்கிறது. ‘வேலைக்குப் பதிவு செய்து தருகிறேன்’ என்று கேட்கிறவரிடமும் கொடுக்காதீர்கள்.

ஐசி எண் இரகசியம் என்று நம்பியிருந்த காலமும் முடிந்துவிட்டது. 2024 டிசம்பரில் வர்த்தகப் பதிவுக்கான பிஸ்ஃபைல் தளத்தில், அங்கே பதிவில் உள்ளவர்களின் பெயரைத் தேடினால் முழு எண்ணும் தெரியும் நிலை சில நாள் நீடித்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகு 2025 ஜூனில், ஐசி எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி ஆணையமும் சைபர் பாதுகாப்பு அமைப்பும் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டன. மின்னஞ்சலில் வரும் காப்புறுதி ஆவணமோ மருத்துவ அறிக்கையோ ஐசி எண்ணை அடித்தால் திறக்கிறது என்றால், அதை அனுப்பிய நிறுவனத்திடம் மாற்றச் சொல்லி எழுதுங்கள். உங்கள் சொந்தக் கணக்குகளில் பிறந்த தேதியும் ஐசியின் கடைசி எண்களும் கடவுச்சொல்லாக இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

இனி, மக்கள் அலைந்து ஏமாறும் இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, இந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. வீவகவோ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மத்திய சேமநிதிக் கழகமோ அமைச்சோ உங்கள் தகவலைத் தவறாகக் கையாண்டதாக நீங்கள் இந்த ஆணையத்திடம் போனால், மாதக் கணக்கில் காத்திருந்துவிட்டு வேறு இடத்துக்குப் போகும்படி பதில் பெறுவீர்கள். அவற்றுக்கு 2018ல் வந்த வேறு சட்டம் இருக்கிறது. புகாரை அந்த அமைப்பிடமே நேரடியாகக் கொடுக்க வேண்டும். மக்களுக்குப் புரியும்படி இதைச் சேவை முகப்பிலேயே எழுதி வைத்தால் என்ன என்று பலமுறை தோன்றியிருக்கிறது. அதேபோல, தனிப்பட்ட முறையில் நடந்துகொள்ளும் தனிமனிதரையும் இந்தச் சட்டம் தொடாது. உங்கள் அறைத்தோழர் உங்கள் ஐசியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆணையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு விவரங்களை வெளியிட்டிருந்தால் தொந்தரவுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் போலிஸிடம் போகலாம்.

இரண்டாவதுதான் பலருக்கும் தெரியாதது. ‘என் தகவலை அழித்துவிடுங்கள்’ என்று கட்டாயப்படுத்தும் உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம். நிறுவனம் அதன் பிறகு உங்கள் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். ஆனால் கணக்கு, சட்டம், வணிகம் ஆகிய காரணங்களுக்குத் தேவைப்படும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டு என்ற கணக்கும் சட்டத்தில் இல்லை. ஒருமுறை கொடுத்த ஐசி நகல் உங்கள் விருப்பப்படி திரும்ப வராது என்பதால்தான், கொடுக்கும் முன்பே மறுக்க வேண்டும் என்று இத்தனை தூரம் சொல்கிறேன்.

மூன்றாவது, ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு. உங்கள் கைப்பேசியிலிருந்து டிஎன்சி (DNC) என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை 78772க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் எண் பதிவாகிவிடும். கட்டணம் இல்லை, காலாவதியும் இல்லை. விற்பனை அழைப்புகள் அடங்க 21 நாள் வரை ஆகலாம். பதிந்த பிறகும் அழைப்பு வருகிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். நீங்களே எங்காவது ஒரு படிவத்தில் ‘விளம்பரம் அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் அந்த இசைவு பதிவேட்டை வென்றுவிடும். குலுக்கல் சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த வரிதான். கருத்துக்கணிப்புக்கும் நன்கொடைக்கும் வரும் அழைப்புகள் பதிவேட்டுக்குள் அடங்கமாட்டா. மோசடிக்காரர்கள் எந்தப் பதிவேட்டையும் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் மோசடி பற்றிய உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள். கடன் விளம்பரத்தைப் பொறுத்தவரை யோசிக்கவே வேண்டாம். உரிமம் பெற்ற கடன் நிறுவனம் குறுஞ்செய்தியிலோ தொலைபேசியிலோ விளம்பரம் செய்வதற்கு அனுமதியே இல்லை என்பதால், அக்காவுக்கு வந்த செய்திகள் எல்லாமே சட்டவிரோதமானவை. பதில் எழுதாமல் தடைசெய்துவிட்டுப் போலிஸில் சொல்ல வேண்டியதுதான்.

இணையத்தில் நாமே வாரிக்கொடுப்பதையும் சொல்ல வேண்டும். திருட்டுப் பட இணையத்தளங்களை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இணையச் சேவை நிறுவனங்கள் தடைசெய்கின்றன. தங்குவிடுதிகளில் அந்தத் தடையைத் தாண்ட இலவச விபிஎன் செயலியை (இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே மறைத்து அனுப்புவது) ஒருவர் போட, அறையே அதைப் போட்டுக்கொள்கிறது. விபிஎன் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. நிறுவனங்கள் அன்றாடம் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதன் வழியே செய்யும் செயல் குற்றமென்றால் அது குற்றமாகவே இருக்கும். உரிமம் இல்லாத தளத்தில் சூதாடினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கும். அதைவிடப் பெரிய கவலை, இலவசச் செயலியை நடத்துகிறவர் நீங்கள் போகும் தளங்களை எல்லாம் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாதபோது, சிங்கப்பூர்ச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமையை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பொது வைஃபையில் பாதுகாப்புக்காக விபிஎன் தேவைப்பட்டால் பெயர் தெரிந்த நிறுவனத்துக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். செயலியைப் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கச் சொன்னாலும், கைப்பேசியில் தீய செயலிகளைக் கண்டறியும் பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். 2023ல் இப்படி இறக்கிய செயலிகளால் மத்திய சேமநிதிப் பணத்தையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

தகவல் ஏற்கெனவே போய்விட்டது என்றால், வாய்ப்பேச்சில் காலம் கடத்தாமல் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் வெளியிட வேண்டும். கடைப் பணியாளருக்குத் தெரியாவிட்டால் இணையப் பக்கத்தின் அடியில் தேடுங்கள். அவருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் மூன்று விஷயம் இருக்கட்டும்: என்னைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் அதை எதற்குப் பயன்படுத்தி யாரிடம் கொடுத்தீர்கள், இன்றுமுதல் என் இசைவைத் திரும்பப் பெறுகிறேன். முதல் இரண்டுக்கும் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், முடியாவிட்டால் எப்போது முடியும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தகவலைத் தேடித்தர நியாயமான கட்டணம் கேட்கலாம். தவறான தகவலைத் திருத்தக் கட்டணம் கேட்கக்கூடாது. நீங்கள்தானா என்று உறுதிசெய்ய ஐசி நகல் கேட்டால், பதிவான கைப்பேசி எண்ணிலிருந்து அழைக்கிறேன், அல்லது நேரில் வந்து அட்டையைக் காட்டுகிறேன் என்று பதில் எழுதுங்கள்.

ஆணையத்திடம் எடுத்த எடுப்பில் போனால், நிறுவனத்திடம் கேட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் அந்த மின்னஞ்சலையும் அதன் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை, பெரிய நிறுவனமானால் அதற்கும் மேல், அபராதம் விதிக்கலாம். அதில் ஒரு வெள்ளிகூட உங்களுக்கு வராது. இழப்பீடு வேண்டுமானால் நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுக்க வேண்டும். மன உளைச்சலையும் இழப்பாகக் கொள்ளலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்திருந்தாலும், வழக்கறிஞர் செலவைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள்.

அக்கா நகலை அனுப்பவில்லை. அட்டையை நேரில் காட்டுவதாக எழுதினோம். 27ஆம் நாள் பதில் வந்தது: படம் எடுத்த பணியாளரின் கைப்பேசியிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது, வேறெங்கும் போனதாகத் தெரியவில்லை என்றார்கள். அந்த மின்னஞ்சலையும், கடன் செய்திகளின் படங்களையும், கடைக்குப் போன தேதிகளையும் சேர்த்து ஆணையத்தின் இணையப் படிவத்தில் அன்று மாலையே பதிவேற்றினோம். நிறுவனம் பதிலே தராவிட்டால் 31ஆம் நாள் காலையில் நீங்களும் அதே படிவத்தைத் திறக்கலாம்.