எலும்பு கூடிரும், ஆனா முட்டி மடங்கணுமே

ரோட்டை கிராஸ் பண்றவரோட முட்டிக்கு வெளிப்பக்கமா கார் பம்பர் வந்து இடிச்சா, தொடை எலும்போட அடி உருண்டை கீழ இருக்குற டிபியா எலும்போட தலைமேல சுத்தியல் மாதிரி இறங்கும். கார் ஓட ஆரம்பிச்ச காலத்துலயே இதுக்கு ஃபெண்டர் (கார் மட்கார்டு) ஃப்ராக்சர்னு பேர் வச்சுட்டாங்க, 1929ல மெடிக்கல் ஜர்னல்லயே வந்துச்சு. இப்போ டாக்டருங்க சொல்றது டிபியல் பிளாட்டோ ஃப்ராக்சர். பைக்ல விழுந்தாலும் வரும், எலும்பு தேஞ்ச வயசானவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாலும் வரும்.

அந்த டிபியா தலையில ரெண்டு மேடை இருக்கு, பிளாட்டோங்கிறது அதைத்தான், உள்பக்கத்து மேடை பெருசு, கெட்டி. வெளிப்பக்கத்துது சின்னது, பலமும் கம்மி, அதான் அடிக்கடி அதுதான் போகும். சில சமயம் நீளவாக்குல பிளந்துக்கும், சில சமயம் மேல்பரப்பு அப்படியே உள்ள அமுங்கி பள்ளமாகிடும், பல பேருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். டொரண்டோல ஜோசப் ஷாட்ஸ்கரும் கூட இருந்தவங்களும் 1979ல வெளியிட்ட பேப்பர்ல இதை ஆறு டைப்பா பிரிச்சாங்க, இன்னைக்கும் கேஸ் ஷீட்ல அந்த நம்பர்தான் எழுதுறாங்க. நாலாவது டைப், அதாவது உள்பக்க மேடை உடையிறது, எக்ஸ்ரேல பாக்க சாதாரணமா தெரியலாம், ஆனா கெட்டி எலும்பே உடைஞ்சிருக்குன்னா அடி பலம்னு அர்த்தம், முட்டிக்குப் பின்னாடி போற ரத்தக்குழாயும் அடி வாங்கியிருக்கலாம்.

வீங்கின முட்டியில ஊசி போட்டு ரத்தத்தை எடுத்தா மேல எண்ணெய்ச் சொட்டு மிதக்கும், எலும்பு மஜ்ஜையோட கொழுப்பு அது, உள்ள மூட்டுக்குள்ளயே எலும்பு உடைஞ்சிருக்குன்னு அதுவே காட்டிக் கொடுத்துரும். அப்புறம் சிடி ஸ்கேன், பள்ளம் எவ்வளவு ஆழம்னு அதுலதான் சரியா தெரியும்.

உடனே ஆபரேஷன் பண்ணலைன்னு வீட்டுக்காரங்க சண்டை போடுவாங்க, ஆனா வீங்கின தோலைக் கிழிச்சா தையல் போட்ட இடம் ஒட்டிச் சேராது, சீழ் பிடிச்சிரும். அதனால வெளியில கம்பி போட்டு காலை நீட்டி வச்சுட்டு, வீக்கம் வத்தி தோல்ல சுருக்கம் தெரியுற வரைக்கும் காத்திருக்கணும், ஒரு வாரமோ ரெண்டு வாரமோ ஆகலாம். ரத்தக்குழாய் அடிபட்டிருந்தாலோ, கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி வலி தாங்கவே முடியலைன்னாலோ மட்டும் அது வேற கதை, அங்க ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

ஆபரேஷன்ல நடக்குறது என்னன்னா, ஜவ்வை மெல்ல மேல தூக்கிப் பிடிச்சு மேடையைப் பாப்பாங்க, பள்ளத்துக்குக் கீழ எலும்புல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டி அது வழியா கம்பியை விட்டு அமுங்கின துண்டை அடியில இருந்து தட்டித் தட்டி மேல ஏத்துவாங்க, நடுநடுவுல சி-ஆர்ம்ல, அதாவது ஆபரேஷன் நடக்குறப்பவே காட்டுற எக்ஸ்ரே மிஷின்ல, பாத்துக்கிட்டே. துண்டு மேல வந்ததும் அடியில காலி இடம் விழும்ல, அதுல இடுப்பு எலும்புல இருந்து எடுத்த எலும்பையோ கால்சியம் பாஸ்பேட் சிமெண்டையோ நிரப்பி, குறுத்தெலும்புக்கு அடியில வரிசையா ஸ்க்ரூ போட்டு பக்கத்துல பிளேட் வச்சு முடுக்குவாங்க.

புத்தூர் கட்டு கட்டுனா போதாதான்னு கேப்பாங்க. நகராத சின்ன விரிசலுக்கு டாக்டரே கட்டுதான் போடுவாரு, ஆனா அமுங்கின மேடையை எந்தக் கட்டும் மேல தூக்காது, என் கருத்துல அங்க கட்டை நம்புறது வேஸ்ட். மில்லிமீட்டர் கணக்குல கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மூட்டு ஓரளவு தாங்கிக்கும், கால் வளைஞ்சு நின்னாலோ முட்டி ஆடினாலோதான் பின்னாடி ரொம்பத் தொந்தரவு.

அப்புறம்தான் பொறுமை. கால் ஊன்ற வழக்கமா 6ல இருந்து 12 வாரம் ஆகும், ஆனா மடக்குறதை ஆபரேஷன் முடிஞ்ச சில நாள்லயே ஆரம்பிக்கச் சொல்லுவாங்க, சும்மா கிடந்தா உள்ள ஒட்டிக்கும். படி ஏற 90 டிகிரி கிட்ட மடங்கினா ஓரளவு ஓட்டிரலாம், தரையில குத்த வச்சு உக்கார அதுக்கும் மேல நெறைய வேணும், அது எல்லாருக்கும் திரும்பக் கிடைக்காது, இதை முன்னாடியே சொல்லிட்டா பாதி ஏமாற்றம் குறையும். தொடைச் சதை வேற இளைச்சிரும், பிசியோவை நிறுத்தவே கூடாது.

கனடாவுல ஒண்டாரியோல ஆபரேஷன் ஆனவங்களைப் பாத்தப்ப, 10 வருஷத்துல 7.3 சதவீதம் பேருக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, அதே வயசுல இந்த அடி படாதவங்கள்ல 1.8 சதவீதம்தான். அப்படி மாத்த வேண்டி வந்தா பழைய பிளேட்டை எடுக்க வேண்டியிருக்கும், மத்தபடி உறுத்தாத பிளேட்டை உள்ளயே விட்டுருவாங்க.