தலை திரும்ப, உலகம் நிற்க: வி.ஆர்., ஏ.ஆர். கண்ணாடிகள் இயங்கும் விதம்

ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே நீட்டி, வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். விரல் ரேகை எதுவும் தெரியாது. மங்கிய தடம் ஒன்றுதான் தெரியும். இப்போது விரலை அப்படியே நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். நகத்தின் விளிம்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு முறையும் அசைவு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறை உள்காது உதவிக்கு வந்துவிடுகிறது. அங்கே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பத் தொடங்கியதுமே அவற்றிலிருந்து கண் தசைகளுக்குச் செய்தி போகிறது. தலை எவ்வளவு வலப்பக்கம் போகிறதோ அவ்வளவு கண்விழி இடப்பக்கம் போகிறது. இதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 10 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு.

இந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதுதான், கண்ணுக்கு முன்னால் திரையோடு தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட்டின் தலையாய வேலை. விளம்பரங்களில் பிக்சல் கணக்கை முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். கண்ணுக்கு முன்னால் ஒரு படத்தை வைப்பது சுலபம். தலை எப்படித் திரும்பினாலும் அந்தப் படத்திலுள்ள மேசையும் சுவரும் இருந்த இடத்திலேயே இருக்கச் செய்வதில்தான் பொறியாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. கண்ணை முழுதாக மூடி வேறோர் உலகைக் காட்டும் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கும் (வி.ஆர்.), எதிரே இருக்கும் உலகின்மீதே படங்களை வைக்கும் மிகை மெய்ம்மைக்கும் (ஏ.ஆர்.) இது பொது. இரண்டாவதில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

இரண்டும் பிறந்தது ஒரே கருவியில். 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து, தலையில் மாட்டிக்கொள்ளும் திரை ஒன்றைச் செய்து காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிறிய தொலைக்காட்சிக் குழாய். பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் கண்ணாடிகள் வழியாக அதன் படம் கண்ணுக்கு வந்தது. எதிரே இருந்த அறையும் அதனூடே தெரிந்தது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அளக்க, கூரையிலிருந்து ஓர் உலோகக் கை தொங்கி வந்து தலைக்கவசத்தோடு இணைந்திருந்தது. தலைக்கு மேலே தொங்கிய அந்த அமைப்புக்கு ‘டாமோக்ளிஸின் வாள்’ என்ற கிரேக்கக் கதைப் பெயர் நிலைத்துவிட்டது. படம் என்னவோ வெறும் கோடுகளால் ஆன கனசதுரம்தான். அந்தக் கருவியைப் பற்றிய கட்டுரையில் சதர்லாந்து சொன்ன ஒரு கருத்து இன்றும் பொருந்துகிறது: முப்பரிமாணத் தோற்றத்துக்கு இரு கண்ணுக்கும் இரு படம் காட்டுவது முக்கியம்தான், ஆனால் தலை அசையும்போது படம் அதற்கேற்ப மாறுவது அதைவிட முக்கியம்.

இரு கண்ணுக்கு இரு படம் என்ற உத்தி அதைவிட மிகப் பழையது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், கையால் வரைந்த இரண்டு படங்களைக் கண்ணாடிகள் வழியாகக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, தட்டையான கோடுகள் கனமுள்ள பொருளாகத் தெரிவதை நிரூபித்தார். நம் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணும் காண்பது சற்றே மாறுபட்ட காட்சி. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இன்றைய ஹெட்செட்டும் அதையே செய்கிறது, வரைபவர் மட்டும் கணினி.

அடுத்தது லென்ஸ். கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் திரையை எந்தக் கண்ணாலும் குவித்துப் பார்க்க முடியாது. நடுவே இருக்கும் லென்ஸ் அந்தத் திரையைப் பெரிதாக்கி, ஒன்றரை இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் காட்டுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. இவ்வளவு வலிமையான லென்ஸ் படத்தின் மூலைகளை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். ஆகவே கணினி முதலிலேயே படத்தை எதிர்ப்பக்கமாக, பீப்பாய்போல் உப்பலாக வளைத்துத் திரையில் போடுகிறது. லென்ஸின் கோணலும் கணினியின் கோணலும் சேர்ந்து நேர்கோடாகிவிடுகின்றன. ஹெட்செட்டைக் கழற்றித் திரையை மட்டும் பார்த்தால், இரண்டு வீங்கிய வட்டப் படங்கள் தெரிவது இதனால்தான். புதிய ‘பான்கேக்’ லென்ஸ்கள் ஒளியை உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் பிரதிபலித்து மடித்து அனுப்புகின்றன. அதனால் கருவி மெலிந்துவிட்டது. ஆனால் பாதி ஒளியை மட்டும் விடும் கண்ணாடியை ஒளி இருமுறை சந்திக்க வேண்டியிருப்பதால், திரையின் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் கண்ணை எட்டுவதில்லை.

இனி, தலை எங்கே இருக்கிறது என்பதை அறிவது எப்படி? கூரையிலிருந்து தொங்கிய உலோகக் கை இப்போது நகக்கண் அளவு சில்லு ஆகிவிட்டது. அதனுள்ளே நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. தலை திரும்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் கொஞ்சம் விலகும். விலகலை அளந்தால் தலை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். இதுதான் கைரோஸ்கோப். பக்கத்திலேயே முடுக்கத்தை அளக்கும் இன்னொரு சென்சார் இருக்கும். இரண்டும் விநாடிக்கு ஆயிரம் முறை அளவில் கணக்குக் கொடுக்கின்றன.

வேகத்தில் குறையில்லை. ஆனால் இவற்றை நம்பி மட்டும் ஓர் உலகத்தை நிறுத்த முடியாது. முடுக்கமானியில் 0.01 மீட்டர்/விநாடி² என்ற மிகச் சிறிய பிழை நிலையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் கணக்கிடும்போது அந்தப் பிழை நேரத்தின் வர்க்கத்தோடு பெருகும். 10 விநாடியில் அரை மீட்டர். ஒரு நிமிடத்தில் 18 மீட்டர். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக் கருவி அடுத்த தெருவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

அதைத் திருத்தக் கேமராக்கள் வேண்டும். ஹெட்செட்டின் முகப்பில் மூலைக்கு ஒன்றாகப் பதித்திருக்கும் கேமராக்கள் அறையை விநாடிக்குச் சில பத்து முறை படமெடுக்கின்றன. ஜன்னல் சட்டத்தின் மூலை, நாட்காட்டியின் விளிம்பு, சுவிட்ச் பலகை என எளிதில் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது. அடுத்த படத்தில் அவை எங்கே நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, தான் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. அறையின் வரைபடத்தைத் தயாரிப்பதும், அந்த வரைபடத்தில் தன் இடத்தைக் கண்டுபிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கேமரா மெதுவானது, ஆனால் நிலை தவறாது; சில்லு வேகமானது, ஆனால் வழுவிக்கொண்டே போகும். இரண்டையும் கலந்துதான் நம்பகமான ஓர் இடம் கிடைக்கிறது. வெறும் வெள்ளைச் சுவருக்கு எதிரேயோ, விளக்கை அணைத்துவிட்டோ விளையாடினால் ஹெட்செட் தடுமாறுவது ஏன் என்று இப்போது புரியும். பற்றிக்கொள்ள அங்கே புள்ளிகள் இல்லை.

இதையெல்லாம் எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும்? தலை அசைவதற்கும் அதற்கேற்ற படம் கண்ணில் படுவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்துறையில் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. அதுகூடத் தாராளமான வரம்புதான். சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும்போது தலை விநாடிக்கு 100 டிகிரி வேகத்தில் சுழலும். 20 மில்லி விநாடியில் அது 2 டிகிரி, கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரலின் அகலம். ஒரு கண்ணுக்கு 2,000 பிக்சல் அகலமுள்ள திரையை 100 டிகிரிக்குப் பரப்பினால் டிகிரிக்கு 20 பிக்சல். ஆக, தலை திரும்பும்போதெல்லாம் மொத்த உலகமும் 40 பிக்சல் பின்தங்கி வழுக்கிக்கொண்டு வரும்.

இதைச் சமாளிக்க இரண்டு தந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, முன்கூட்டியே ஊகிப்பது. நாலைந்து கிலோ எடையுள்ள தலை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் திசையை மாற்றிக்கொண்டுவிட முடியாது. இப்போதைய வேகத்தைக் கொண்டு இன்னும் 20 மில்லி விநாடி கழித்து அது எங்கே இருக்கும் என்று ஊகித்து, அந்த இடத்துக்கான படத்தை வரைகிறார்கள். இரண்டாவது தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. கணினி விளையாட்டு உலகில் பெயர் பெற்ற நிரலாளர் ஜான் கார்மாக் 2013இல் இதை விளக்கி எழுதினார். படம் வரைந்து முடிந்து, திரைக்குப் போகும் கடைசிக் கணத்தில் சென்சாரிடம் மறுபடி ஒருமுறை கேட்பது: தலை இப்போது எங்கே இருக்கிறது? ஊகத்துக்கும் உண்மைக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தின் அளவுக்கு, வரைந்த படத்தையே இழுத்து நகர்த்தி வைத்துவிடுவது. புதிதாக வரைவதைவிட இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. தலை சுழலும்போது இது அபாரமாக வேலை செய்கிறது. தலை பக்கவாட்டில் நகர்ந்தால் அவ்வளவு சரியாக வராது. அருகிலிருக்கும் பொருள் அதிகமாகவும் தொலைவிலிருப்பது குறைவாகவும் நகர வேண்டுமே, ஒட்டுமொத்தப் படத்தை இழுத்தால் அது எப்படி வரும்?

இன்னொரு நுணுக்கம். விநாடிக்கு 90 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 11 மில்லி விநாடி. அவ்வளவு நேரமும் திரை எரிந்துகொண்டிருந்தால், தலை திரும்பும்போது படம் விழித்திரையில் இழுபட்டு மங்கிவிடும். ஆகவே ஓரிரு மில்லி விநாடி மட்டும் பளிச்சென்று எரிந்து, மீதி நேரம் திரை இருண்டு கிடக்கிறது. வி.ஆர். உலகில் நாம் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி, உண்மையில் இருட்டில்தான் போகிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சிலருக்குக் குமட்டுகிறது. மலைப்பாதையில் போகும் பஸ்ஸில் புத்தகம் படிப்பவருக்கு என்ன ஆகிறதோ, அதன் தலைகீழ் வடிவம் இது. பஸ்ஸில் காது ‘நகர்கிறோம்’ என்கிறது, கண் ‘இல்லை’ என்கிறது. வி.ஆர். விளையாட்டில் விசையை அழுத்தி ஓடும்போது கண் நகர்கிறோம் என்கிறது, காது மறுக்கிறது. இது தாமதத்தால் வரும் கோளாறு அல்ல என்பதால் வேகமான சில்லு போட்டுத் தீர்க்க முடியாது. ஓடுவதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சட்டென்று தாவவைப்பது, நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டடிப்பது என்று விளையாட்டின் வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

மிகை மெய்ம்மைக்கு வருவோம். இதில் முதலில் ஊரறிய வெற்றி கண்டது கண்ணாடி அல்ல, தொலைக்காட்சிதான். 1998இல் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் மைதானத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தோன்றியது. உண்மையான புல்லில் அப்படி ஒரு கோடு இல்லை. கேமரா எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு நெருக்கிக் காட்டுகிறது என்பதைச் சென்சார்கள் அளக்க, கணினி கோட்டை வரைந்தது. புல்லின் நிறத்தின்மீது மட்டும் வண்ணம் பூசியதால், கோட்டின்மேல் ஓடிய வீரர்களின் கால்கள் மறையவில்லை. இது ஏன் அப்போதே முடிந்தது? ஒளிபரப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அந்த இடைவெளியில் கணக்கை முடித்துக்கொள்ளலாம். வீட்டில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தலையில் மாட்டிய கண்ணாடியில் அந்தச் சலுகை கிடையாது. எதிரே இருக்கும் உண்மையான மேசை ஒரு கணமும் காத்திருக்காது. அதன்மேல் வைத்த மெய்நிகர்க் கோப்பை கொஞ்சம் பின்தங்கினாலும் மேசையில் வழுக்குவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். வி.ஆரில் மேசையும் கோப்பையும் சேர்ந்தே பின்தங்குவதால் இந்தக் குட்டு வெளிப்படுவதில்லை.

ஏ.ஆர். கண்ணாடியைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. சதர்லாந்தின் கருவியைப்போல், ஒளி ஊடுருவும் கண்ணாடியில் படத்தைச் சேர்ப்பது ஒன்று. உண்மை உலகம் தாமதமின்றி நேரே கண்ணுக்கு வரும். ஆனால் இந்தக் கண்ணாடியால் ஒளியைக் கூட்ட முடியுமே தவிர, கழிக்க முடியாது. கருப்பு நிறத்தைக் காட்டவே முடியாது. கருப்பு என்றால் ஒளியில்லாமை, ஒளி சேர்க்காத இடத்தில் பின்னால் இருக்கும் சுவர்தான் தெரியும். நிழலும் விழாது. மெய்நிகர்ப் பொருட்கள் எல்லாமே கொஞ்சம் ஆவிபோல் இருக்கும், உச்சி வெயிலில் காணாமலே போய்விடும்.

மற்றொரு வழி, கண்ணை மூடிவிட்டு வெளியுலகைக் கேமராவால் எடுத்துத் திரையில் காட்டுவது. கருப்பு, நிழல் எல்லாம் கிடைக்கும். ஆனால் இப்போது உண்மை உலகமே தாமதமாக வரத் தொடங்குகிறது. 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோவில் இதற்கென்றே தனியாக ஒரு சில்லு இருக்கிறது. கேமராவில் பட்ட ஒளி 12 மில்லி விநாடியில் திரைக்கு வந்துவிடும் என்கிறது அந்நிறுவனம்.

தாமதத்தை விரட்டியடித்த பிறகும் ஒரு முரண்பாடு மிஞ்சுகிறது. அருகிலிருக்கும் பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. கூடவே கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவிகிறது. பிறந்ததிலிருந்து இரண்டும் சேர்ந்தே இயங்கிப் பழகியவை. ஹெட்செட்டில் கண்கள் அரை மீட்டரிலுள்ள பொம்மையை நோக்கித் திரும்பினாலும், ஒளி வருவது லென்ஸ் நிர்ணயித்த தூரத்திலிருந்துதான். நெடுநேரம் மாட்டியிருந்தால் கண் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெனுக்களும் எழுத்துகளும் பெரும்பாலும் கைக்கெட்டாத தூரத்தில் மிதப்பதற்கும் இதுவே காரணம்.

ஏ.ஆருக்கு இது பெரிய தொல்லை. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மைசெல் ஆகிய இருவரும் இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் சூட்டியது, விமானத்துக்கான வயர்க் கட்டுகளைத் தொழிலாளர்கள் பிழையின்றிக் கோக்க உதவுவதற்காகத்தான். வயரைக் கோப்பவர் கையைப் பார்ப்பது அரை மீட்டருக்குள். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடி தன் படத்தை 2 மீட்டரில் குவிக்கிறது. ஒன்றேகால் மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடையே பொருட்களை வையுங்கள் என்று வடிவமைப்பாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. எனவே அந்தத் தொழிலாளியின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் வயர் தெளிவாகத் தெரியும், அல்லது அது போக வேண்டிய துளையைக் காட்டும் அம்புக்குறி தெளிவாகத் தெரியும்.